வெறுங்குழாய் அனுப்பியவர்களுக்கும் நன்றி

மூளைக்கட்டிக்குள் பாக்டீரியா இருக்கிறதா என்று தேடும் எங்கள் ஆய்வுக்குத் திசு தந்த நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். தலையில் அறுவை என்ற கலக்கத்துக்கு நடுவே ஒப்புதல் படிவத்தைப் பொறுமையாகப் படித்துக் கையெழுத்திட்டீர்கள். வலிப்பு நோய்க்கான அறுவையில் எடுத்த திசுவைத் தந்தவர்களுக்குத் தனி நன்றி. புற்றில்லாத மூளைத்திசு இல்லாமல், கட்டியில் கண்டதை எதோடு ஒப்பிடுவது?

அறுவை அரங்கச் செவிலியர்களே, ஒவ்வொரு முறையும் ஒரு வெறுங்குழாயைத் திறந்து, திசு எடுத்து முடியும்வரை அதே தட்டில் வைத்திருந்து, மூடி அனுப்பினீர்கள். எங்களுக்கு அது திசுவுக்குச் சமம். கட்டியில் பாக்டீரியா டி.என்.ஏ. மிகச் சொற்பம், மனித டி.என்.ஏ.வோ மலைபோல. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கிட்டிலேயே ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் போன்ற பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. துணுக்குகள் கிடக்கும். தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் என்ற பாக்டீரியாவும் ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சுழற்சி கூடக்கூட இவையும் பெருகி, கட்டிக்குள்ளேயே குடியிருந்தவை போலத் தெரியும். வெறுங்குழாயிலும் அதே பெயர் வந்தால்தான் குட்டு உடையும். எந்தக் கிட்டிலிருந்து அந்தத் துணுக்கு வந்தது என்று தேட உதவியாக, பெட்டிக்குப் பெட்டி லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துவைத்த ஸ்டோர் ஊழியர்களுக்கும் இதில் பங்குண்டு. 2020இல் 'நேச்சர்' இதழில் வந்த புற்று நுண்ணுயிர்க் கட்டுரை ஒன்று 2024இல் திரும்பப் பெறப்பட்டதை இத்துறையில் யாரும் மறக்கவில்லை. மனித டி.என்.ஏ. வரிசைகள் பாக்டீரியாக் கணக்கில் ஏறியிருந்தன.

நோய்க்குறியியல் டெக்னீஷியன்கள் வெளிக்கிருமி கலக்காமலிருக்க, பாரஃபின் பிளாக்கின் (திசுவைப் பதித்த மெழுகுத் துண்டின்) முதல் சில சீவல்களை ஒதுக்கிவிட்டு, பிளாக்குக்கு ஒரு புது பிளேடு போட்டார்கள். சீவலில் பாக்டீரியாவைத் தேட, அதில் ஒட்டி ஒளிரும் துருவியைப் போடுகிறோம். ஆனால் மூளைத்திசுவில் லிப்போஃபசின் என்ற நிறமி தானாகவே ஒளிரும். புள்ளி புள்ளியாக, பார்த்த மாத்திரத்தில் பாக்டீரியா என்றே தோன்றும். அதனால் பக்கத்துச் சீவலில் எந்தப் பாக்டீரியாவிலும் ஒட்டாத போலித் துருவியைப் போட்டுப் பார்க்கிறோம். அங்கேயும் புள்ளி மின்னினால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதித் தந்த மயக்க மருத்துவர்களுக்கும் நன்றி. பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் தட்டில் ஒன்றும் முளைக்காதபோது முதலில் புரட்டுவது அந்தக் குறிப்பைத்தான்.

பாக்டீரியாதான் கட்டிக்குக் காரணமா என்று குடும்பத்தார் பலர் கேட்டதற்கு ஒரு பதில். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப்புற்றுக்குள் நுழைந்த டி செல்கள் (நோய் எதிர்ப்பு அணுக்கள்) பாக்டீரியாப் புரதத் துணுக்குகளையும் அடையாளம் காண்கின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. பாக்டீரியாதான் கட்டியை உண்டாக்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. தயவுசெய்து கட்டியைக் கரைக்கலாம் என்று நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மீதித் திசு மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக இருக்கிறது. ஒப்புதலைத் திரும்பப் பெற விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள், காரணம் கேட்கமாட்டோம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்