பணம் வருகிற அன்றே ஊழியர் பாக்கிக்கு ஒதுக்குங்கள்

ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

விமான நிலைய செக்-இன் கவுண்டரில் 22 வருஷம் நின்றவன் எழுதுகிறேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்று நம்மூர் நிறுவனத்தில் பங்கு வாங்கப்போகிறது என்று செய்தி வந்தால் எத்தனை சதவீதம், எத்தனை கோடி, நிர்வாகம் யார் கையில் என்ற மூன்றைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது: நிறுவனம் நொடித்தால் ஊழியர்களின் சம்பளப் பாக்கிக்கு யார் பொறுப்பு என்பது. அது உங்கள் மேசையில் இதுவரை வந்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பணமே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். 1997இல், வெளிநாட்டு விமான நிறுவனங்கள் இங்கே பங்கு வைத்திருக்கக் கூடாது என்று அந்தக் கதவைச் சாத்திப் பார்த்தோம். ஜெட் ஏர்வேஸில் தலா 20 சதவீதம் வைத்திருந்த குவைத் ஏர்வேஸும் கல்ஃப் ஏரும் விற்றுவிட்டுப் போனார்கள். டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து தொடங்க நினைத்த நிறுவனமும் அப்போது கைகூடவில்லை. 2012 செப்டம்பரில் 49 சதவீதம் வரை வாங்கலாம் என்று அரசு அனுமதித்த பிறகு, அதே இருவரும் சேர்ந்து 2015 ஜனவரியில் விஸ்தாராவைப் பறக்கவிட்டார்கள். பயணிகள் விரும்பி ஏறிய விமானம் அது. 2024 நவம்பரில் அது ஏர் இந்தியாவோடு இணைந்தபோது சிங்கப்பூர்காரர்களுக்கு 25.1 சதவீதம் வந்தது. இப்படியும் நடக்கும். சரி.

ஆனால் 2013ஐயும் மறக்க முடியாது. அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனம் ஜெட் ஏர்வேஸின் 24 சதவீதம் பங்குக்கு 2,058 கோடி ரூபாய் கொடுக்கச் சம்மதித்தது. புதிதாக வெளியிட்ட பங்குகள் என்பதால் பணம் ஜெட் ஏர்வேஸின் கணக்குக்கே வந்தது. அனுமதி கிடைப்பதற்குள் எவ்வளவு வாதம்! இயக்குநர் குழுவில் எதிஹாட் ஆட்கள் மூன்று பேரா இரண்டு பேரா என்பதுவரை அலசி, கடைசியில் இரண்டாகக் குறைத்தார்கள். தேவையான அலசல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை மாதப் பேச்சில், நாளை இந்த நிறுவனம் தடுமாறினால் இங்கே வேலை பார்க்கிறவர்களின் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்து இறங்கிய விமானத்தோடு ஜெட் ஏர்வேஸில் எல்லாம் நின்றது. ஊழியர்களுக்கு அதற்கு முன்பே சம்பளம் நின்றிருந்தது. பிஎஃப், கிராஜுவிட்டியைத் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்லி, அதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2023 ஜனவரி ஆயிற்று. 2024 நவம்பரில் நிறுவனத்தையே கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

இனி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். இது வேறொரு நிறுவனம், பெயர் வேண்டாம். அதுவும் ஒருநாள் நின்றுபோனது. என் பக்கத்துக் கவுண்டரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த பெண், சில வாரம் கழித்து ஏர்போர்ட் பாஸைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பாஸைக் கொடுத்தால்தான் கணக்கு முடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழுத்திலிருந்து அந்தப் பட்டையைக் கழற்றி நீட்டினாள், வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீதும் கொடுத்தார்கள். ஆனால் கணக்கு முடிக்க அங்கே ஆள் இல்லை. நிறுவனத்தின் அறை பூட்டிக் கிடந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீல நிற ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குத் தாள்கள் எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தாள். பாக்கியைக் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணா, நான் தொழிலாளியா, ஊழியரா? இதுல எதைப் போடணும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. விசாரித்தபோதுதான் அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது. திவால் சட்டப்படி நிறுவனத்தைக் கலைத்து விற்றால், தொழிலாளி என்று வருகிறவருக்கு 24 மாத பாக்கி வரை, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளோடு சம வரிசையில் இடம் உண்டு. மற்ற ஊழியருக்கு 12 மாத பாக்கிதான், அதுவும் அடுத்த வரிசையில். முன்வரிசைக்கே காசு போதாத இடத்தில் அடுத்த வரிசைக்கு என்ன மிஞ்சும்? காலை நாலு மணிக்கு வந்து நூற்றைம்பது பேருக்கு பெட்டி எடை போட்டு அனுப்புகிற பெண், தான் யார் என்பதே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இதே காலத்தில் விமானத்தைக் குத்தகைக்கு விடுகிறவர்களுக்கு என்ன செய்தோம் என்று பாருங்கள். 2023இல் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றபோது, அவர்களால் தங்கள் விமானங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அந்த அக்டோபரிலேயே அறிவிக்கை போட்டு, நொடித்த நிறுவனத்திடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற திவால் தடைக்காலத்திலிருந்து விமானங்களுக்கு விலக்குக் கொடுத்தது அரசு. 2025இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அது நியாயம்தான். அந்த நம்பிக்கை இல்லையென்றால் குத்தகை வாடகை ஏறும், டிக்கெட் விலையும் ஏறும். அதுபோக, குத்தகைக்காரர்கள் சில மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் விமானத்தையே அனுப்புகிறார்கள். இரும்புக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் இருக்கிறது, அதை இயக்குகிற ஆட்களுக்கு இல்லை. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குப் பணம் உள்ளே வருகிற நாளிலேயே அதில் ஒரு பகுதியைத் தனி அறக்கட்டளைக் கணக்கில் போடச் சொல்லுங்கள். எல்லா ஊழியருக்கும் ஆறு மாதச் சம்பளம், அதோடு அன்றைய தேதி வரை சேர்ந்த கிராஜுவிட்டி முழுவதும். கிராஜுவிட்டிக்கு எல்ஐசியில் குரூப் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வங்கியோ எண்ணெய் நிறுவனமோ குத்தகைக்காரரோ அந்தக் கணக்கில் கை வைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப நிரப்ப வேண்டும். நிரப்பாத நிறுவனத்துக்குப் புதிய வழித்தடம் கொடுக்காதீர்கள்.

ஏன் அந்த நாளைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், ஒரு விமான நிறுவனத்தின் கையில் நிஜமாகவே காசு இருக்கிற நாள் அது ஒன்றுதான். நொடித்த பிறகு சட்டம் பேசிப் பயனில்லை.

இப்படி நிபந்தனை போட்டால் முதலீடு வராது என்பார்கள். வரும். ஏனென்றால் அவர்கள் வாங்குவது பங்கை மட்டும் இல்லை. 2013இல் அந்த ஒப்பந்தம் பேசப்பட்ட அதே சமயத்தில்தான் இந்தியாவும் அபுதாபியும் இரு தரப்புக்கும் இடையே பறக்கும் விமானங்களில் வாரத்துக்கு 36,670 இருக்கைகளைக் கூடுதலாக அனுமதிக்க ஒத்துக்கொண்டன. அதன் பொருள் கவுண்டரில் நிற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். லண்டனில் பேத்திக்குப் பிரசவம் என்று கிளம்பிய ஒரு பாட்டிக்கு இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்தேன். "ரெண்டு எதுக்குப்பா?" என்று கேட்டார். நடுவில் வளைகுடாவில் இறங்கி மாற வேண்டும் என்று பெட்டியில் ஒட்டிய டேக்கைக் காட்டி விளக்கினேன். அவருக்கு டிக்கெட் மலிவாகக் கிடைத்திருந்தது, சந்தோஷம்தான். ஆனால் இங்கிருந்து நேராக லண்டனுக்குப் பறக்கிற இந்திய விமானம் ஒன்றில் அவருடைய இடம் காலி. அந்தப் பாட்டியையும் அவரைப் போன்ற லட்சம் பேரையும் தங்கள் ஊர் வழியாகக் கொண்டுபோகிற உரிமைக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள். அந்த உரிமை எந்த முதலாளியுடையதும் இல்லை, நாட்டுடையது. அதைக் கொடுக்கிறவர்கள் நீங்கள். கொடுக்கிற இடத்தில் இருக்கிறவர் பதிலுக்கு ஒன்று கேட்பதில் தப்பே இல்லை.

வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் கிளம்பிவிடலாம் என்பதையும் மனதில் வையுங்கள். பக்கத்தில் இலங்கையின் தேசிய விமான நிறுவனத்துக்கு 1998இல் துபாயின் எமிரேட்ஸ் வந்தது, பத்து வருஷ நிர்வாக ஒப்பந்தம். 2007 டிசம்பரில் ஜனாதிபதியின் குழுவுக்கு லண்டன் விமானத்தில் இடம் கொடுக்கவில்லை என்று தகராறு. எமிரேட்ஸ் தரப்பிலிருந்து வந்த தலைமை நிர்வாகியின் வேலை விசாவே ரத்தானது. 2008இல் ஒப்பந்தம் முடிந்ததும் நிர்வாகத்தை விட்டு அவர்கள் விலகிக்கொண்டார்கள். எதிஹாட் பங்கு வாங்கிய ஜெர்மனியின் ஏர் பெர்லினும் இத்தாலியின் அலிடாலியாவும் 2017இல் ஒரே வருஷத்தில் திவாலாகின. பங்கு வாங்கியவருக்குத் திரும்பிப் போக சொந்த ஊரில் சொந்த விமானம் இருக்கிறது. கவுண்டரில் நிற்கிற பெண்ணுக்கு அது கிடையாது.

அடுத்த ஒப்பந்தம் உங்களிடம் வரும்போது ஒப்புதல் கடிதத்தில் இதற்கென்று ஒரு பத்தி சேருங்கள். எழுதுவதற்கு முன்னால் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களை நாலு பேரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அந்த நீல ஃபைல் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான நிலைய ஊழியர் ஒருவர்