ஙா, ஙி, ஙீ பிறகு பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பப் பிரிவு மாணவர்களின் வாசிப்புக் குறைபாடு பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, பெற்றோர் வீட்டில் சொல்லிக்கொடுக்காததையே காரணமாகக் காட்டியிருந்தது. சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறோம், தொடங்கும் இடம்தான் பிழை. விஜயதசமியன்று ஏடு தொடக்கிய கையோடு 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்புவிக்க வைக்கிறோம். ஙா, ஙி, ஙீ என்று பாடமாக்கும் பிள்ளைக்கு அவற்றைக் கொண்டு வாசிக்க ஒரு சொல்கூடக் கிடைப்பதில்லை.

என் மகளும் ஐந்து வயதில் பாட்டுப் போல ஒப்புவித்தாள். நடுவில் ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டால் முழித்தாள். சரி என்று ட, ப, ம மூன்றை மட்டும் எடுத்தேன். எழுதவும் எளிய உருவங்கள். புள்ளியைச் சேர்த்ததும் படம், மடம், பட்டம் வந்தன. அரவு (ா) சேர்ந்ததும் பாடம், மாடம். மூன்றாம் கிழமை கல்முனை பஸ்ஸில் போகையில் குருக்கள்மடம் பெயர்ப்பலகையைக் காட்டி, "அம்மா, மடம்!" என்று கத்தினாள். (முன்பாதியை அவள் கண்டுகொள்ளவில்லை, அது வேறு கதை.) இந்த வழி ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல, வீட்டில் இருக்கும் எங்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகள் தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே, எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து என்று ஒரு தாளில் அச்சிட்டுப் பெற்றோரிடம் கொடுக்கலாம். முதல் பெற்றோர் கூட்டத்தில் அரை மணித்தியாலம் செய்தும் காட்டினால் இன்னும் நல்லது.

ஒரு தாய்,
ஆரையம்பதி.