தேதியை இப்போதே சொல்லிவிடுவோம், பாப்பா

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வரட்டும், ஜூலைக் கடைசியில் எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம், அதற்குள் எதற்கு ஊரெல்லாம் தேதியைச் சொல்லவேண்டும் என்றாய். போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆடி மாதத்தை யோசித்துப் பார். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் வெற்றிலை பாக்கு வைத்து யாரையும் அழைக்க நம் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆவணி பிறக்க ஆகஸ்ட் நடு ஆகிவிடும். கல்யாணம் ஆகஸ்ட் 30, இங்கே பட்டர்வொர்த்தில். ஆவணி பிறந்தபின்தான் பத்திரிகை என்றால் நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை. அந்த இரண்டு வாரத்தில் சிங்கப்பூரில் இருக்கும் உன் அத்தை என்ன செய்வாள், சொல்லு. பத்திரிகையை ஆடிக்கு முன்னால் கொடுத்துவிடலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. தேதியை மட்டும் இந்த மாதமே சொல்லிவிட வேண்டும்.

கல்யாணத்துக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை மெர்டேக்கா, நம் மலேசியச் சுதந்திர தினம். நமக்கு நல்ல வசதி, மறுநாள் யாரும் வேலைக்கு ஓடவேண்டாம் என்று அப்பா சந்தோஷப்படுகிறார். ஆனால் நீண்ட விடுமுறை என்றால் நாடே சாலையில் இறங்கிவிடும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரும் இடிஎஸ் ரயிலில் அந்த வாரம் இடம் கிடைப்பது கஷ்டம். ஹோட்டல்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள். ஈப்போவிலும் சிரம்பானிலும் இருப்பவர்கள் காரில் வந்துவிடுவார்கள், பரவாயில்லை. ஆனால் இப்போதே தெரிந்தால்தான் அந்த நாளில் லங்காவிக்கோ கேமரன் மலைக்கோ பயணம் போட்டுப் பணம் கட்டாமல் இருப்பார்கள்.

கெடா சொந்தங்களை நீ மறந்தே போய்விட்டாய் என்று நினைக்கிறேன். இங்கே பினாங்கில் நமக்கு ஞாயிறு விடுமுறை. பக்கத்து மாநிலமான கெடாவில் வெள்ளியும் சனியும்தான். சுங்கைப்பட்டாணிச் சித்தப்பா அரசாங்கக் கிளினிக்கில் வேலை செய்கிறார், ஞாயிறு அவருக்கு வேலை நாள். மறுநாள் பொது விடுமுறை வேறு, அந்த ஞாயிற்றுக்கு அங்கே எல்லாருமே லீவு கேட்பார்கள். முந்திக் கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

லீவு என்பது நீ மெல்பர்னில் இருந்து நினைப்பதுபோல் இங்கே எல்லாருக்கும் எளிதாகக் கிடைப்பதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே இடத்தில் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு வருடத்துக்கு 8 நாள்தான் குறைந்தபட்ச லீவு. அதன்பின் 12, ஐந்து ஆண்டு தாண்டினால் 16. உன் மாமா பிள்ளைகள் இப்போதுதான் வேலையில் சேர்ந்தவர்கள். அந்த எட்டில் தீபாவளிக்கு ஒன்றிரண்டு, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தால் முன்னும் பின்னும் ஒரு நாள், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் அதற்கு ஒன்று. மிச்சத்தில் ஒன்றை உனக்காக எடுத்துவைக்க வேண்டும். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருந்தபோது ஷிப்ட் அட்டவணை ஒட்டியபின் நாளை மாற்றிக் கேட்டால் இன்னொருத்தி என் இடத்தில் நிற்கவேண்டும். தெரிந்தவர் கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று ஆசையிருந்தும் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிப்போன பெண்கள் எத்தனையோ பேர்.

ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. பாட்டி வீட்டில் பரிசம் போட்ட அன்றைக்கே லயன் வீடுகள் முழுக்க நாள் தெரிந்துவிடும். பால் வெட்டப் போகிறவர்கள் வழியிலேயே பேசிக்கொள்வார்கள், பக்கத்துத் தோட்டத்துக்கும் சேதி போய்விடும். கல்யாணத்துக்கு முதல் நாள் பந்தல் போட, காய் நறுக்க, அரிசி களைய ஆட்கள் தானாக வந்து நிற்பார்கள். தோட்டம் விற்றுப்போனபின் அந்த லயனில் இருந்தவர்கள் பிறைக்கும் பூச்சோங்குக்கும் ஜோகூர் பாருவுக்கும் போய்விட்டார்கள். சிலர் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். இவர்களெல்லாம் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள். சில வருஷத்துக்கு முன் நமக்கு நெருங்கிய ஒரு வீட்டில் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் பத்திரிகை வந்தது. பாட்டியின் தங்கை, கூட்டிவர ஆள் இல்லாமல், வாங்கிவைத்த புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அவர் அதற்குக் கோபப்படவில்லை. அழுதார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பெரியம்மா "முன்னாடியே தம்பட்டம் அடிக்காதே, கண்ணு படும்" என்கிறார். அவர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, குருக்கள் நாளைக் குறித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டிலும் சரி என்று சொல்லும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது மூன்றும் முடிந்துவிட்டன. நம் நாட்டில் ரெஜிஸ்டர் செய்வதற்கே 21 நாள் அறிவிப்பு ஒட்டிவைக்கிறார்கள். அது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கு. கூடி வந்து வாழ்த்துகிறவர்களுக்கு அதைவிட அதிக நாள் கொடுக்கவேண்டாமா?

சொல்லும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். தாய்மாமாவுக்கு முதலில் சொல்ல வேண்டும், அதுவும் உன் வாயால். சீர் கொண்டுவருகிறவர் அவர். அவர் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அப்புறம் அத்தை, அப்புறம் பெரியப்பா, சித்தப்பா வீடுகள். பிறைப் பாட்டியிடம் போனே இல்லை, நான் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி வீட்டிலும் அதே வாரம் சொல்லும்படி அப்பா பேசிவிடுவார். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மனத்தாங்கல் வரும்.

தேதி சொன்னவர்களைப் பின்னால் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. ஆகவே கட்டாயம் அழைக்கப் போகிறவர்களுக்கு மட்டும் சொல். உன் ஆபீஸ் தோழிகளில் யார் யார் என்று நீயே முடிவு செய்துகொள்.

செய்தியை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "எங்கள் மகளின் திருமணம் ஆகஸ்ட் 30, ஞாயிறு காலை பட்டர்வொர்த்தில் நடக்க இருக்கிறது. பத்திரிகையோடு வந்து முறைப்படி அழைப்போம். அந்த நாளை மட்டும் இப்போதே எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள்." முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் பத்திரிகையில் வரட்டும். இதை அழகாக ஒரு படமாகப் போட்டுத் தா. பெயரில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்.

நாமக்கல் சொந்தங்களுக்கு அப்பா எழுதுகிறார். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம், 2026 கடைசிவரை அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் அங்கே சிலரிடம் பாஸ்போர்ட்டே இல்லை, எடுக்க நாளாகும். டிக்கெட்டுக்குப் பணமும் சேர்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமும் நேரில் சொல்கிறேன். ஆகஸ்ட் நடுவிலிருந்து சீனர்களுக்கு ஏழாம் மாதம், ஆவிகளுக்குப் படைக்கும் மாதம். பினாங்கில் தெருவுக்குத் தெரு மேடை போட்டுக் கொண்டாடுவார்கள் இல்லையா, அவர் அந்தக் குழுவில் வேலை பார்க்கிறவர். அந்த மாதத்தில் கல்யாண வீட்டுக்கு வர அவருக்குத் தயக்கம் இருக்கலாம். முன்னாலேயே சொன்னால் அவர் யோசித்துக்கொள்வார். வர முடியாவிட்டால் அதற்கு முந்தின மாதமே நீ ஒருநாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

மாமா ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பார். உனக்கு அப்போது மதியம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கூப்பிடு. அத்தையிடமும் பேசு. அதன்பின் எனக்கு ஒரு மெசேஜ் போடு, நான் மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
அம்மா