மொட்டைக்கறுப்பன் இரண்டு கொத்து

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
1908 ஆவணி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வைகாசியில் தம்பி எழுதிய கடிதம் கிடைத்தது. "கை முறிந்து போச்சோ என்று கேட்டு எழுது" என்றீர்களாம். கை நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் எழுதாமல் விட்டது என் பிழை. கப்பல் நாள் வரும், போகும். வேலை முடிந்து வந்தால் பாயில் விழத்தான் மனம் சொல்கிறது.

வேலை அதேதான். றெயில்வே சாமான் கந்தோரில் வெள்ளீயக் கட்டிகளை எண்ணி எழுதுகிறேன். நாங்கள் இருக்கும் இந்த இடம் முன்பு செங்கல் சூளையாம். 1881இல் பட்டணம் ஓலைக்கூரையோடு எரிந்துபோக, இனிக் கல்லும் ஓடும்தான் என்று உத்தரவு போட்டார்களாம். எங்கள் மாட்டுக்கொட்டிலை அந்தத் துரைமார் கண்டால் என்ன செய்வார்களோ.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்மவர்களோடு சேர்ந்து சமைத்த கூட்டை சித்திரையில் விட்டுவிட்டேன். கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கடை. சோறு மல்லிகைப்பூப்போல வெள்ளை. மலிவுக்காக என்று நினைக்காதீர்கள், பக்கம் என்பதால்தான். மச்சம் மாமிசம் தொடுவதில்லை.

அடுத்த அறையில் ஒரு தகரக்காரச் சீனர். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி வாளி, விளக்கு, புனல் எல்லாம் செய்வார். சடையைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு விடியற்காலம் நாலு மணிக்கே தட்டத் தொடங்கிவிடுவார். எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருப்பேன். ஆடியில் ஒருநாள் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி உட்கார்ந்திருந்தார். பெருவிரலால் கணைக்காலை அமுக்கிக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் போல.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் மானிப்பாய் டிரெசர் அண்ணர் வந்து பார்த்து, பெரிபெரி என்றார். கிறீன் டாக்குத்தர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த ஊர்க்காரர் அல்லவா, எதையும் விளங்கச் சொல்லுவார். இங்கே பைத்தியக்காரர் இருக்கும் விசராஸ்பத்திரியில் ஃபிளெச்சர் என்ற டாக்குத்தர் ஒரு வருடம் சோதித்தாராம். பாதிப்பேருக்குத் தீட்டின பச்சையரிசி, பாதிப்பேருக்குப் புழுங்கல். பச்சையரிசி தின்றவர்களில் 18 பேர் அந்த நோயில் போய்விட்டார்கள். புழுங்கல் தின்றவர்களில் ஒருவரும் சாகவில்லை. ஏன் என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லையாம். நீங்கள் கிடாரத்தில் நெல் அவிப்பதுதான், அம்மா. போன வருடம் அது லண்டன் பத்திரிகையில் வந்திருக்கிறது.

தகரக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது விடியவிடிய அமைதி. நித்திரை வருவதில்லை.

அண்ணர் என் காலையும் பார்க்கவேண்டும் என்றார். சப்பாத்தைக் கழற்ற நேரமில்லை என்று வந்துவிட்டேன். அது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, மழையில் தோல் சுருங்கியிருக்கும். இருபத்திரண்டு வருடம் உங்கள் புழுங்கல் சோறு தின்ற உடம்புக்கு என்ன வரப்போகிறது? காய்ச்சலுக்கும் பயப்படவேண்டாம், கொயினா மருந்து இருக்கிறது.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நெல் அவிக்கும் மணம்தான் மூக்கில் நிற்கிறது. இருட்டோடு நீங்கள் பனங்கருக்கு வைத்து எரிப்பதும், பாயில் பரவிய நெல்லைக் கோழி கிளறாமல் நான் காவல் இருப்பதும். இந்நேரம் நல்லூரில் தேர் இழுத்திருப்பீர்கள். இங்கேயும் நம்மவர்கள் ஒரு கந்தசுவாமி கோயில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போன வெள்ளி போனேன். மணி அடித்தது. நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இத்துடன் 12 வெள்ளி அனுப்பியிருக்கிறேன், 21 ரூபாய் வரும். மிச்சத்தை ஒரு சிநேகிதரிடம் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் சேர்த்து வரும். கிணற்றடித் தோட்டத்தின் ஒற்றியைத் தைக்குள் மீட்கலாம். அதற்கு முன் அளவெட்டிப் பகுதியாருக்குச் சீதனப் பேச்சில் வாக்குக் கொடுக்கவேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லுங்கள். நொத்தாரிசு உறுதியைத் தம்பி ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும், எல்லை பிழைத்திருக்கிறது என்று சின்னையா முன்பே சொன்னவர். அக்காவுக்கு இந்த முறை மருத்துவிச்சியை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். நோக்காடு தொடங்க முன்னரே இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முந்தின முறை பட்டது போதும்.

சுருட்டுக்கொட்டில் மாமா ஐப்பசியில் இந்தப் பக்கம் வருகிறாராம். இப்போதுதான் யாழ்ப்பாணத்தில் றெயில் ஏறினால் கொழும்பில் கப்பலடிக்கே போய்விடலாமே, சுமை ஒரு பாரமில்லை. பினாட்டும் ஒடியலும் கொடுத்துவிடுங்கள். அப்புறம், மொட்டைக்கறுப்பன் அரிசி இரண்டு கொத்து, நீங்கள் அவித்துக் குத்தினதாக இருக்கட்டும். வேறொன்றுக்கும் இல்லை, ஆசைக்குத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்