கானாவூர்க் கற்சாடிகளும் ஒரு சொல்லும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன் மனைவி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பேரன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். வருகிற மாசியோடு அம்மா போய் ஒரு வருடம்.

கானாவூர்க் கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்ததற்கே அற்புதம் செய்த இயேசு, அம்மாவுக்காக நாம் அவ்வளவு ஜெபித்தும் ஏன் பேசாமல் இருந்தார் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதே கேள்விதான். அதனால் யோவான் சுவிசேஷத்தை முதலிலிருந்து திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை எங்கள் பழைய வேதாகமத்தோடு, நீங்கள் கோயிலில் வாசிக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். எங்களுடையது 'அற்புதம்' என்று சொல்லும் இடத்தில் உங்களுடையது 'அரும் அடையாளம்' என்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது செமெயோன், அதாவது அடையாளம். மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இயேசுவின் செயல்களுக்கு துனாமிஸ், வல்லமை, என்ற சொல் வருகிறது. யோவான் அந்தச் சொல்லை ஓரிடத்தில்கூடத் தொடவில்லை.

ஆறாம் அதிகாரத்தில் சிறுவயதிலிருந்தே எனக்குப் புரியாத வசனம் ஒன்று உண்டு. 5 வாற்கோதுமை அப்பம், 2 மீன். ஏறக்குறைய 5,000 பேர் சாப்பிட்டு, மீதி 12 கூடை. மறுநாள் கடலைக் கடந்து தேடி வந்த கூட்டத்திடம் இயேசு சொல்கிறார்: நீங்கள் அற்புதங்களைக் கண்டதினால் அல்ல, அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள். அவர்கள்தானே அதைக் கண்டார்கள்! பிறகு ஏன் காணவில்லை என்பதுபோல் சொல்கிறார்? 'அடையாளம்' என்று மாற்றி வாசித்ததும் முடிச்சு அவிழ்ந்தது. அப்பம் கண்ணில் பட்டது, அது யாரைக் காட்டுகிறது என்பது படவில்லை. "ஜீவ அப்பம் நானே" என்று அவரே விளக்கியதும், சீஷரிலேயே அநேகர் பின்வாங்கிப் போய்விடுகிறார்கள். வயிறு நிறைந்த மறுநாளே!

சரி, உன் கானாவூருக்கு வருகிறேன். தண்ணீர் திராட்சரசமாக மாறியது ஆறு கற்சாடிகளில், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். அந்தக் காலத்துக் குடம் பெரியது. மொத்தம் 500 லிட்டருக்குப் பக்கத்தில், அதற்கு மேலேயும் இருக்கலாம். ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்கு இவ்வளவு எதற்கு? மலைகளே திராட்சரசமாய் வடியும் ஒரு காலம் வரும் என்று பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸ் சொல்லி வைத்திருந்தார். யூதர்கள் சுத்திகரிப்புக்கு வைத்திருந்த சாடிகளிலேயே அது விளிம்பு வரை நிறைகிறது. அந்தக் காலம் வந்துவிட்டது என்று காட்டத்தான் யோவான் இதை எழுதினார் என்று நினைக்கிறேன். அதிலும் பார், பந்திவிசாரிப்புக்காரனுக்கு விஷயமே தெரியாது. தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்குத்தான் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

எருசலேமின் பெதஸ்தா குளத்தங்கரையை வாசிக்கும்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. ஐந்து மண்டபங்கள் நிறைய நோயாளிகள் கிடக்கிறார்கள். 38 வருடம் நோயோடு இருந்த ஒருவன் இயேசு சொன்னதும் எழுந்து நடந்ததை மட்டும் யோவான் சொல்கிறார். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மற்றவர்களில் ஒருவராக அம்மாவை நினைத்துப் பார்த்தேன். வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

அப்புறம் லாசரு, இறந்த பின் இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய நண்பன். உயிரோடு எழுந்தவனையும் கொல்ல வேண்டும் என்று அடுத்த அதிகாரத்திலேயே பிரதான ஆசாரியர்கள் ஆலோசிக்கிறார்கள். அவனும் இன்னொரு நாள் சாகத்தான் வேண்டும். இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறவர், கல்லறைக்குப் போகிற வழியில் அழுகிறார். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லையடா. ஆனால் அந்த அழுகையும் அடையாளங்களில் ஒன்றாகவே எனக்குத் தெரிகிறது. யோவான் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, நான் வைத்துக்கொள்கிறேன்.

மாசியில் வீட்டிலேயே நினைவு ஜெபம் வைக்கிறோம். இரண்டு பேரும் வாருங்கள். உங்கள் புத்தகத்தையும் எடுத்து வா, பதினோராம் அதிகாரத்தை அதிலிருந்து நீ வாசிக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்