சோடாபுட்டி வீட்டு ஹால்

டேய் மச்சான்,

போன் பண்ணினா எடுக்க மாட்டே, அதான் எழுதுறேன். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்ல. தோப்புல இந்த வருஷம் காய் சுமார்தான். மாங்கூழ் ஃபேக்டரியில சொல்ற விலையைக் கேட்டா நீ சிரிப்பே, எனக்குத்தான் சிரிப்பு வரல.

விஷயம் என்னன்னா, நம்ம சோடாபுட்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல பார்ட் பார்ட்டா பொறுக்கிட்டு வந்து, டிவிக்குக் கீழ ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணி வெச்சிருக்கான். "இனி பிளேஸ்டேஷன் எதுக்குடா"ன்னு லண்டன்பேட்டை டீக்கடையில ஒரே பிரசங்கம். போய்ப் பார்த்தேன். படம் அள்ளுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா ஆட உட்கார்ந்தா அப்டேட். அது முடிஞ்சா கன்ட்ரோலர் கனெக்ட் ஆகல. அப்புறம் எதுவோ பாஸ்வேர்ட் கேட்டுச்சு. இவன் டிவி முன்னாடி குத்தவெச்சு, மடியில கீபோர்டோட தட்டிட்டே இருந்தான். அவன் பையன் கிரிக்கெட் பேட்டைத் தூக்கிக்கிட்டு தெருவுக்குப் போயிட்டான்.

வேகத்துல பிசி தோக்காதுடா. விலையிலதான் உதைக்குது. பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோல் விக்கிறவன் பெட்டியை லாபமில்லாம, சில சமயம் நஷ்டத்துக்கே வித்துட்டு, கேம் கமிஷன்ல எடுத்துடுவான். பிசியை அப்படி வித்தா, எவனாவது வாங்கிட்டுப் போய் ஆபீஸ்ல டேலி போட்டுக்குவான், ஒரு கேம்கூட வாங்க மாட்டான்.

ஸ்டீம்னு ஆன்லைன்ல பிசி கேம் விக்கிற கடை இருக்குல்ல, அதை நடத்துற வால்வ் கம்பெனி 2015லயே டிவிக்குக் கீழ வைக்கிற பிசியை ஸ்டீம் மெஷின்னு இறக்கிப் பார்த்தது. ஆளாளுக்கு ஒரு மாடல், ஆளாளுக்கு ஒரு விலை, விண்டோஸுக்குப் பதிலா அதுல இருந்த லினக்ஸ்ல ஓடுற கேமும் கம்மி. அடங்கிப் போச்சு. 2018ல வால்வோட புரோட்டான்ங்கிற சாஃப்ட்வேர் வந்தப்புறம்தான் விண்டோஸ் கேம் நிறைய லினக்ஸ்ல சுளுவா ஓட ஆரம்பிச்சுது. 2022ல வந்த, கையில வெச்சு ஆடுற ஸ்டீம் டெக் அதை வெச்சுத்தான் நின்னுச்சு. 2025 நவம்பர்ல மறுபடி அதே பேர்ல ஒரு குட்டிச் சதுரப் பெட்டியை அறிவிச்சாங்க. எனக்கே ஆசைதான். ஆனா கள்ளாட்டம் ஆடுறவனைப் பிடிக்கிற ஆன்டி-சீட் தொல்லையால வாலரன்ட், ஃபோர்ட்நைட் ரெண்டும் லினக்ஸ்ல ஓடாது. நம்ம பசங்க ஆடுறதே அதுதானே!

சோடாபுட்டி விடல. "ஆன்லைன்ல ஆட எனக்கு மாசச் சந்தா உண்டா? சேல்ல எவ்வளவு சல்லிசா வாங்குறேன் தெரியுமா?"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஸ்டீம்ல வாங்கினதைத் திருப்பி விக்க முடியுமான்னு கேட்டேன், காபி கொண்டாரச் சொல்லிட்டான்.

எனக்கு உறுத்தினது வேற. அவன் வேலை விஷயமா ஓசூர்ல தங்கிட்டா அந்தப் பெட்டியை யாரும் தொடறதில்ல. அவன் வீட்டுத் தங்கச்சி, "எதையாவது அமுக்கிக் கெடுத்துட்டா யாருண்ணா பாட்டு வாங்குறது?"ன்னுச்சு. ஹால்ல வைக்கிற சாமானை வீட்ல யார் வேணா போட்டு ஆடணும்டா. இல்லேன்னா அதை ரூமுக்குள்ளயே வெச்சிருக்கலாம். இதை அவன்கிட்ட சொன்னா கோச்சுக்குவான், நீ சொல்லு, நீ சொன்னா கேப்பான்.

பொங்கலுக்கு வர்றப்ப உன் பிஎஸ்5ஐத் தூக்கிட்டு வா, ரெண்டையும் ஒரே டிவியில போட்டுப் பார்த்துடலாம். என் ஃபிஃபா டிஸ்க்கையும் கொண்டா. "பையில இல்லியே"ன்னு பழைய கதையை ஆரம்பிக்காத.

உன்,
குள்ளன்
கிருஷ்ணகிரி