வேலையை விடாமல் ஆர்.என். படிக்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நர்சிங் அசிஸ்டன்ட் வேலையை விடாமலே கம்யூனிட்டி காலேஜில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) படிக்கப்போவதாகச் சொன்னாய். தாராளமாக முடியும். ஆனால் வேலைக்குத் தோதாகப் படிப்பை மாற்ற நினைக்காதே. படிப்புக்குத் தோதாக வேலையை மாற்று.

பணம் கட்டுமுன், அந்தக் கோர்ஸுக்கு உங்கள் மாநில நர்சிங் போர்டின் அனுமதி இருக்கிறதா என்று போர்டின் இணையதளத்திலேயே பார். அது இல்லையென்றால் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நர்சிங் பாடத்துக்கு முன் முடிக்க வேண்டிய உடற்கூறியலையும் மைக்ரோபயாலஜியையும் ஒரே செமஸ்டரில் எடுக்காதே. முழுநேர வேலையோடு இரண்டு லேப் தாங்காது. அதற்காக ரொம்பவும் இழுக்காதே. ஐந்து, ஏழு வருடத்துக்கு முந்தைய அறிவியல் மார்க்கைப் பல காலேஜ்கள் ஏற்பதில்லை.

நர்சிங் பாடம் ஆரம்பித்த பிறகுதான் உண்மையான நெருக்கடி. ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கும் கிளினிக்கல் நாட்களை நீ நகர்த்த முடியாது. காலை ஆறரைக்கெல்லாம் வார்டில் நிற்க வேண்டும். அதனால் வார இறுதியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று கேள். அந்த 36 மணி நேரத்தையே பல ஆஸ்பத்திரிகள் முழுநேரமாகக் கணக்கு வைக்கும், இன்ஷூரன்ஸும் போகாது. மேனேஜர் வாய்வார்த்தையாகச் சரி என்றால் போதாது, ஈமெயிலில் வாங்கி வை. கிளினிக்கல் அட்டவணை பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். நிறைய பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே கிளினிக்கலுக்குப் போவது மட்டும் கூடவே கூடாது. தூங்காத கண்ணோடு மருந்து எடுத்தால் ஆபத்து பேஷன்ட்டுக்கு. வீடு திரும்பும்போது ஸ்டீயரிங்கில் கண் அசந்தால் உனக்கு. தள்ளாடுவதைப் பார்த்து இன்ஸ்ட்ரக்டர் திருப்பி அனுப்பினால் அதுவும் ஆப்சென்ட்தான். அனுமதிக்கும் ஆப்சென்ட்டோ ஒன்றிரண்டு நாள்தான்.

டோஸ் கணக்கைத் தினமும் கால் மணி நேரமாவது போடு. அந்தப் பரீட்சையில் பல இடங்களில் 90 சதவீதத்துக்குக் குறைந்தால் பாஸ் இல்லை. ஓர் உதாரணம்: ஹெப்பாரின் பையில் 250 மில்லிக்கு 25,000 யூனிட், அதாவது மில்லிக்கு 100. ஆர்டர், கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். பேஷன்ட் 176 பவுண்ட். 2.2-ஆல் வகுத்தால் 80 கிலோ, 80 பெருக்கல் 18, மணிக்கு 1,440 யூனிட், பம்ப்பில் 14.4 மில்லி. பவுண்டை மாற்ற மறந்தால் 31.7 வரும். இரண்டு மடங்குக்கும் மேல்! ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தில் இந்தத் தவறு உயிரையே வாங்கிவிடும். விடை வந்ததும், பவுண்டா கிலோவா என்று அளவைத் திரும்பச் சரிபார்க்கிற பழக்கம் இப்போதே கைக்கு வரட்டும்.

மற்ற பாடங்களில் பக்கம் பக்கமாக ஹைலைட் செய்வது வீண். கேள்விகளைப் போட்டுப் பார், தப்பான விடை ஏன் தப்பு என்று படி. "நான்கு பேரில் யாரை முதலில் பார்ப்பாய்?" என்றுதான் கேட்பார்கள். மூச்சுத் திணறுகிறவருக்குத்தான் பெரும்பாலும் முதலிடம்.

ஆஸ்பத்திரி படிப்புச் செலவு தருமா என்று ஹெச்.ஆரில் கேள். வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. ஆனால் பெரும்பாலும் மார்க் வந்த பிறகே தருவார்கள், ஆகவே முதல் செமஸ்டர் ஃபீஸ் கையில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் படி. அமெரிக்க அரசின் படிப்பு உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தையும் நிரப்பிவிடு.

கிளினிக்கலுக்குக் கேட்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, மூன்று டோஸ் வகை என்றால் முடிய ஆறு மாதம் ஆகும். ஏற்கெனவே போட்டிருந்தால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் டைட்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி வை.

படிப்பு முடிந்ததும் என்கிளெக்ஸைத் தள்ளிப்போடாதே. ஒன்றிரண்டு மாதத்துக்குள் எழுதிவிடு. 85 முதல் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். தவறினால் மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கான லீவை இப்போதிருந்தே சேர்த்து வை.

கிளினிக்கல் அட்டவணை வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்பு. உன் ஷிஃப்ட்டோடு வைத்துச் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா